முகத்தைச் சும்மா விட்ட கதையும் கொஞ்சம் வல்லாரையும்

என் கல்யாணத்துக்கு 20 நாள் இருக்கும்போது அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தம்பி, ஃபோட்டோல கழுத்து ஒரு கலர், மூஞ்சி ஒரு கலரா விழப்போகுதுடா." தப்பாகச் சொல்லவில்லை. நான் டூவீலர் உதிரிபாகங்களுக்கு ரெப். மதுரையில் கிளம்பினால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் என்று வாரத்தில் நாலு நாள் பைக்கில்தான் பொழுது போகும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினால் புழுக்கம், ஏற்றினால் வெயில். 33 வயதில் நெற்றிக்கு ஒரு நிறம், தாடைக்கு ஒரு நிறம் என்று ஆகியிருந்தது.

வழக்கமாக முடிவெட்டும் சலூனில் மாப்பிள்ளை பேக்கேஜ் என்று டி-டான், ப்ளீச், ஃபேஷியல் மூன்றையும் ஒரே நாளில் முடித்தார்கள். இரவு முகம் எரிந்தது. மறுநாள் பக்கத்து மெடிக்கல் கடையில் போய்ச் சொன்னேன். அங்கிருந்தவர் ஒரு சின்ன டியூப்பை எடுத்து நீட்டினார். "நைட்டு மட்டும் தடவுங்க தம்பி. எரிச்சலும் போகும், கலரும் வரும். பத்து நாள்ல உங்களுக்கே தெரியும்." சீட்டு கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

பத்து நாளில் தெரிந்தது என்பதுதான் இதில் வினை. எரிச்சல் இரண்டே நாளில் அடங்கியது, பருக்கள் அமுங்கின, முகம் பளிச்சென்று ஆனது. கல்யாண ஆல்பத்தில் நான் நன்றாகவே இருக்கிறேன், அதை மறுக்க முடியாது. கல்யாணம் முடிந்த பிறகும் டியூப் தீரத் தீர இன்னொன்று வாங்கினேன். 14 மாதம் ஓடிவிட்டது. நடுவில் இரண்டு நாள் தடவாமல் விட்டால் கன்னம் அரிக்கும், சிவக்கும். மறுபடி தடவினால் அடங்கும். 'விட்டால் அரிக்கிறது, போட்டால் அடங்குகிறது, அப்படியென்றால் இது நல்ல க்ரீம்' என்றுதான் நானும் நினைத்தேன். குடிப்பழக்கத்தில் இருப்பவரும் இதே கணக்கைத்தான் சொல்வார்.

டியூப்பில் இருந்த பொடி எழுத்தை முதலில் படித்தது என் மனைவிதான். மொமெட்டாசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின். முதலாவது ஸ்டீராய்டு, இரண்டாவது நிறம் குறைப்பது, மூன்றாவது தோலை உரிப்பது. இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இலேயே இந்தியாவில் விதியை இறுக்கிவிட்டார்கள். டியூப்பிலேயே அந்த எச்சரிக்கை கட்டம் கட்டிப் போட்டிருந்தது. 14 மாதம் கையில் வைத்திருந்தும் நான் படிக்கவில்லை.

"என்னங்க, இதை முதல்ல நிறுத்துங்க" என்றாள். அன்றைக்கே நிறுத்தினேன். ஒருவரையும் கேட்காமல் சட்டென்று நிறுத்தியது அடுத்த தப்பு.

நாலாவது நாள் காலை பல் விளக்கிவிட்டு முகத்தில் தண்ணீர் அடித்தபோது மிளகாய்த்தூள் பட்டதுபோல் இருந்தது. வெறும் குழாய்த் தண்ணீர்தான். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கன்னமும் தாடையும் சிவந்து வீங்கியிருந்தன. வாயைச் சுற்றி அரிசிக்குருணை மாதிரி சின்னச் சின்னக் கொப்புளங்கள். மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பு நூலை ஒட்டவைத்ததுபோல் ரத்தக்குழாய்கள் வெளியே தெரிந்தன. அடுப்படியில் தோசைக்கல் பக்கம் நின்றால் அனல் தாங்காது. ஹெல்மெட் நாடா தாடையில் படும் இடம் மாலைக்குள் தோலுரிந்துவிடும். கடைக்காரர்கள் ஆர்டரைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, "என்னண்ணே, அம்மையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்புறம் வீட்டு வைத்தியம் ஆரம்பமானது. அம்மா முதலில் தொட்டியிலிருந்து ஒரு சோற்றுக்கற்றாழை மடலை ஒடித்து, அப்படியே கீறிக் கையில் கொடுத்தாள். ஒடித்த இடத்தில் மஞ்சளாக ஒரு பால் வழியும், பார்த்திருப்பீர்கள். அதையும் சேர்த்துத் தடவிக்கொண்டேன். அந்த மஞ்சள் பால் தோலை உறுத்தும் சமாசாரம். மடலை அறுத்துக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்து, அது வடிந்த பிறகு தோலைச் சீவி, உள்ளிருக்கும் கண்ணாடிச் சோற்றை நாலைந்து தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். எங்கள் பாட்டிக்கு அது தெரியும். அம்மாவுக்கு அவசரம். அன்று இரவு தூங்கவில்லை.

மறுநாள் வல்லாரை. கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு வாங்கி, வேரைக் கிள்ளி, ஒரு துண்டு மஞ்சளும் சேர்த்து அம்மியில் மைய அரைத்து, கெட்டியாக முகத்தில் அப்பிவிட்டாள். "வல்லாரை புண்ணை ஆத்தும்டா, எங்க அப்பாவுக்குக் கால் புண்ணுக்கு இதுதான் வச்சோம்." பூசிய இரண்டு நிமிடம் குளுகுளுவென்று இருந்தது. காயக் காய இழுத்துப் பிடித்தது. கழுவியபோது கூடவே தோலும் வந்தது. நான் கத்திய கத்தலில் அம்மா அழுதுவிட்டாள்.

வல்லாரைமேல் குற்றம் இல்லை. என் முகத்தில் அப்போது கதவே இல்லாத வீடுபோல் எல்லாம் திறந்து கிடந்தது. நல்ல தோலில் மேலடுக்கு ஒரு சுவர். ஸ்டீராய்டு அதைக் கரைத்துவிட்டிருந்தது. அதன்மேல் பச்சை இலை, கீரையோடு வந்த வயல் சேறு, அம்மியில் நேற்றைய மிளகாயின் மிச்சம், காய்ந்து உரிக்கும் மஞ்சள் என்று எதை வைத்தாலும் எரியத்தான் செய்யும்.

தோல் மருத்துவரிடம் போனபோது ஒரு மஞ்சப்பை நிறைய க்ரீம்களை அள்ளிக்கொண்டு போனேன். அவர்தான் ஃபோனில் அப்படிச் சொல்லியிருந்தார். மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம்: டியூப், அதற்கு முந்தைய டியூப், சலூனில் தந்த ஸ்க்ரப், எலுமிச்சை வாசனை ஃபேஸ்வாஷ், அக்கா தந்த வைட்டமின் சி சீரம், ஆஃப்டர் ஷேவ், ரோஸ் வாட்டர், கற்றாழை ஜெல் என்ற பெயரில் பச்சைச் சாயம் போட்ட ஒரு டப்பா. அவர் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் போட்டுக் கட்டினார். "இதுல ஒண்ணுகூட இப்ப வேண்டாம். உங்க மூஞ்சியைக் கொஞ்ச நாள் சும்மா விடுங்க."

இப்படி வருபவர்கள் நிறைய என்றார். ஸ்டீராய்டால் கெட்டுப்போன முகத்துக்கு நம் நாட்டுத் தோல் மருத்துவர்களே தனியாகப் பெயர் வைக்கும் அளவுக்கு இங்கே அது சகஜம். எனக்குச் சில வாரங்களுக்கு ஒரு மாத்திரையும், ஸ்டீராய்டு இல்லாத ஒரு களிம்பும் எழுதினார். என்னென்ன என்று இங்கே சொல்லப்போவதில்லை. எனக்கு எழுதியது எனக்கு மட்டும். அதோடு நுரை வராத, வாசனை இல்லாத ஒரு க்ளென்சர், சாதா மாய்ஸ்சரைசர், துத்தநாக ஆக்சைடு சன்ஸ்க்ரீன். ஷேவிங்குக்குப் பிளேடு வேண்டாம், ட்ரிம்மர் போதும் என்றார். தாடியோடு திரிந்தேன்.

மூன்றாவது வாரம் திரும்பப் போனபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. எரிச்சல் குறைந்திருந்தாலும் மாலையில் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போது முகம் காந்தும் என்றேன். "வேணும்னா வாசனை இல்லாத ஒரு சிக்கா க்ரீம் சேர்த்துக்கலாம். மருந்துன்னு நினைச்சுடாதீங்க. தோல் தன் வேலையைப் பாத்துக்கிட்டிருக்கு, இது கூட இருந்து கொஞ்சம் விசிறி விடும், அவ்வளவுதான்" என்றார்.

சிக்கா என்றால் என்னவோ புதுசு என்று நினைத்தேன். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் சென்டெல்லா ஏஷியாட்டிக்கா. நம் வல்லாரை! தழும்புக்கு லத்தீனில் 'சிக்காட்ரிக்ஸ்', பிரெஞ்சில் 'சிக்காட்ரிஸ்'. அதன் முதல் பாதிதான் இந்தச் சிக்கா. வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா விட்டாளா? "அன்னைக்கு நான் அரைச்சு வச்சதைக் கழுவிவிட்டுக் கத்துன. இப்ப அதையே அறுநூறு ரூபா குடுத்து வாங்கித் தடவுற." பத்து ரூபாய்க் கட்டுக்கும் அறுநூறு ரூபாய் டியூப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்பதற்காகவே உட்கார்ந்து படித்தேன்.

வல்லாரை கொத்தமல்லி, சீரகம், கேரட் எல்லாம் சேர்ந்த குடும்பத்துச் செடி. ஈரமான வரப்பு, வாய்க்கால் ஓரம் என்று தரையோடு படர்ந்து போகும். நமக்கு அது கீரை, துவையல், ஞாபக சக்தி. 'வல்லாரை உண்டவரோடு மல்லாடாதே' என்று பழமொழியே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் பச்சை இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, பச்சைமிளகாய், வெங்காயம் போட்டு, தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விட்டுச் சம்பல் செய்வார்கள். இதைத் தோலுக்கான சரக்காக உலகத்துக்குக் கொண்டுபோன கதை மடகாஸ்கரில் நடந்தது. 1940களில் அங்கே தொழுநோய்ப் புண்களுக்கு இந்தச் செடியிலிருந்து பிரித்த பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பியேர் புவாத்தோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அதில் முக்கியமானவர். அந்தப் பொருளின் பெயர் ஏஷியாட்டிகோசைட். கூடவே இருக்கும் இன்னொன்றுக்கு அந்தத் தீவின் பெயரையே வைத்து மடேகாசோசைட் என்றார்கள். இன்றைக்கும் அழகுசாதனக் கம்பெனிகளுக்குப் போகும் காய்ந்த வல்லாரையில் பெரும்பங்கு மடகாஸ்கரிலிருந்து வருகிறது. தென்கொரியாவில் பல பத்தாண்டுகளாக வீட்டுக்கு வீடு வெட்டுக்காயத்துக்கு வைத்திருக்கும் மடேகாசால் களிம்பும் இதே சரக்குதான். அங்கிருந்து அழகுக் க்ரீம்களுக்குத் தாவி, சுற்றிக்கொண்டு மதுரைக்கு வந்திருக்கிறது.

ஏஷியாட்டிகோசைட், மடேகாசோசைட் என்ற இரண்டோடு, ஏஷியாட்டிக் அமிலம், மடேகாசிக் அமிலம் என்று இன்னும் இரண்டும் உண்டு. வீக்கத்தையும் சிவப்பையும் தணிப்பது, புண் ஆறும் இடத்தில் தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் உண்டாகத் தூண்டுவது எல்லாம் இந்த நாலின் வேலை. ஏஷியாட்டிகோசைட் தண்ணீரில் லேசில் கரையாது. அம்மியில் தண்ணீர் தெளித்து அரைத்தால் அது எவ்வளவு இறங்கும், இறங்கியது தோலுக்குள் எவ்வளவு போகும் என்பதற்குக் கணக்கே கிடையாது. இலைக்கு இலை, ஊருக்கு ஊர் அளவும் மாறும். தொழிற்சாலையில் கரைப்பான் போட்டு இறக்கி, சுத்தம் செய்து, அளந்து கலக்கிறார்கள். அறுநூறு ரூபாயில் ஒரு பகுதி அதற்கு. மிச்சம் டப்பாவுக்கும் விளம்பரத்துக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி, துவையலுக்காவது அது ஆகுமா?" என்று கேட்டாள்.

முதல் சிக்கா டியூப் வாங்கியபோது நான் ஏமாந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் பச்சை இலைப் படம், கொட்டை எழுத்தில் சிக்கா. பின்பக்கம் படித்தால் வல்லாரைச் சாறு கடைசியிலிருந்து இரண்டாவது, வாசனைப் பொருளுக்கும் கீழே. சேர்க்கும் பொருள்களைப் பொதுவாக அளவில் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துவார்கள். ஒரு சதவீதத்துக்குக் கீழே வருபவற்றை மட்டும் எப்படி வேண்டுமானாலும் முன்பின் போடலாம். ஃபீனாக்சி எத்தனால் என்று ஒரு பதப்படுத்தி பெரும்பாலான க்ரீம்களில் இருக்கும். அது வழக்கமாக ஒரு சதவீதத்தைத் தாண்டாது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் பெரும்பாலும் துளித்துளிதான் என்று வைத்துக்கொள்ளலாம். மடேகாசோசைட் மாதிரி பிரித்தெடுத்த பொருள் என்றால் துளி இருந்தாலும் வேலை செய்யலாம். வெறும் 'சாறு' என்று போட்டு அதுவும் துளி என்றால் அது படத்துக்காகச் சேர்த்தது.

இதற்கு நேர்மாறான கண்கட்டும் இருக்கிறது. '70 சதவீதம் வல்லாரைச் சாறு' என்று போட்ட டோனர் ஒன்றை மனைவி வாங்கி வந்தாள். சாறு என்பதே பெரும்பாலும் தண்ணீரில் இறக்கியது. அதில் செடியின் சத்து எவ்வளவு என்று எங்கேயும் எழுதியிருக்காது. ரசம் முக்கால் பானை இருக்கிறது என்பதால் அதில் பருப்பு முக்கால் பானை என்று அர்த்தமா? அதனால் சதவீதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மடேகாசோசைட், ஏஷியாட்டிகோசைட் என்ற பெயர் தனியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து, என்னென்ன இல்லை என்று பார்ப்பேன். வாசனைப் பொருள், டீ ட்ரீ எண்ணெய், லாவண்டர் எண்ணெய், மெந்தால், எலுமிச்சை எண்ணெய். வல்லாரையோடு டீ ட்ரீ எண்ணெயைச் சேர்த்து விற்பது இப்போது ஒரு வழக்கம். எண்ணெய்ப் பருவுள்ள ஆளுக்கு அது ஒத்துப்போகலாம். என் மாதிரி வெந்துபோன முகத்துக்கு அது வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிற கதை. மெந்தால் போட்டவுடன் ஜில்லென்று இருக்கும். அந்த ஜில்லை ஆறுதல் என்று நினைத்துவிடக்கூடாது. உள்ளூர்த் தயாரிப்புகளில் 'பிரம்மி' என்று மட்டும் போட்டிருந்தால் தாவரப் பெயரையும் பாருங்கள். வடக்கே சிலர் வல்லாரையையும் பிரம்மி என்பார்கள், நீர்ப்பிரமியையும் பிரம்மி என்பார்கள். இரண்டும் வேறு வேறு செடி.

வாங்கிய க்ரீமை நேராக முகத்தில் வைக்கவில்லை. சூடு கண்ட பூனை அல்லவா! முழங்கை மடிப்புக்கு உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் காலையும் மாலையும் ஏழு நாள் தடவினேன். ஒருநாள் தடவிப் பார்த்துவிட்டு 'ஒன்றும் ஆகவில்லை' என்பது போதாது. ஒவ்வாமை சில சமயம் நாலாம் நாள், ஐந்தாம் நாள்தான் தலைகாட்டும். வல்லாரைக்கே ஒவ்வாமை வருவது அரிது, ஆனால் வராது என்று சொல்ல முடியாது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டாம் நாள் இடது தாடையில் மட்டும், அதற்கு மூன்று நாள் கழித்து முகம் முழுக்க.

தடவும் விதத்திலும் ஒரு சங்கதி கற்றுக்கொண்டேன். முகத்தைத் துடைத்துக் காயவைத்துத் தடவினால் இழுத்துக்கொண்டு போகும், தேய்க்க வேண்டியிருக்கும். தேய்த்தாலே சிவக்கும். அதனால் கழுவிவிட்டுத் துண்டால் ஒற்றி, ஈரம் லேசாக இருக்கும்போதே பட்டாணி அளவு எடுத்து, நெற்றி, கன்னம், தாடை என்று புள்ளி வைத்து, விரலால் அழுத்தி அழுத்தி விடுவேன். சந்தனம் இழுப்பதுபோல் இழுப்பதில்லை. முதல் நாலு வாரம் இரவில் மட்டும். பகலில் சன்ஸ்க்ரீன் போதும். நம் ஊர் வெயிலில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் பதினோரு மணிக்கு முகம் வழியும்.

என்ன நடந்தது என்றால், மாலையில் வரும் காந்தல் இரண்டாவது வாரத்தில் குறைந்தது. தண்ணீர் பட்டால் எரிவது ஒரு மாதத்தில் நின்றது. சிவப்பு ஏறுவதும் இறங்குவதுமாக நாலு மாதம் இழுத்தது. நடுவில் ஒரு வாரம் முதல் நாள் மாதிரியே திரும்பி வந்து பயமுறுத்தியது. இதில் எவ்வளவு வல்லாரை, எவ்வளவு மருத்துவர் எழுதிய மாத்திரை, எவ்வளவு வெறுமனே நாள் போனதால் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் சும்மா விட்டதுதான். சிக்கா செய்த பெரிய உதவி, இரவில் எதையாவது தடவ வேண்டும் என்று பரபரக்கிற கைக்கு ஒரு வேலை கொடுத்தது. அதைத் தடவிவிட்டால் வேறு எதையும் தேடிப் போக மாட்டேன்.

செய்யாததையும் சொல்ல வேண்டும். நிறம் தரவில்லை. அது அதன் வேலையும் இல்லை. மூக்கோரத்துச் சிவப்பு நூல்கள் அப்படியே இருக்கின்றன. அதற்கு லேசர் என்றார் மருத்துவர், செலவைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆகஸ்டில் ஒரு பரு வந்தது, அதற்கும் அது ஒன்றும் செய்யவில்லை.

அம்மாவும் நானும் சமாதானமாகிவிட்டோம். தொட்டியில் வல்லாரை வைத்திருக்கிறாள். ஒரு கொடி வைத்தது, இப்போது தொட்டியை விட்டு இறங்கி மாடித் தரையில் கணுவுக்குக் கணு வேர் பிடிக்கப் பார்க்கிறது. வாரம் ஒருநாள் நல்லெண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளி வைத்துத் துவையல். கசப்பு தெரியாமல் இருக்கக் கொஞ்சம் தேங்காய்.

போன வாரம் பெரியகுளத்தில் ஒரு கடைக்காரப் பையன், 24 வயதிருக்கும், "அண்ணே, உங்க மூஞ்சி நல்லாயிடுச்சே, என்ன க்ரீம்ணே?" என்று கேட்டான். அவன் கன்னத்தைப் பார்த்தேன். வழவழவென்று, லேசாக ரோஸ் நிறத்தில் பளபளத்தது. எனக்குத் தெரிந்த பளபளப்பு அது. பெயர் சொல்லவில்லை. "நீ இப்ப என்னென்ன போடுறியோ எல்லாத்தையும் ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு" என்றேன். ராத்திரி அனுப்பினான். ஏழு டப்பா. மூன்றாவது இருந்தது அதே சின்ன டியூப். 'எத்தனை மாசமா?' என்று கேட்டேன். 'ரெண்டு வருஷம் இருக்கும்ணே' என்று பதில் வந்தது.

சட்டென்று நிறுத்திவிடாதே, முதலில் மருத்துவரைப் பார் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை அந்த ரூட்தான்.